மலையைப் படிக்கப் பிள்ளைகளை அனுப்புவோம்

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாமல் போன குடும்பங்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



அந்திக் கொழுந்தை நிறுத்துவிட்டு, வீட்டு வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். சிலர் கைப்பிள்ளையோடு நிற்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

இன்று பேச வந்தது ஒரு பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றி. சுற்றாடல் விஞ்ஞானம், இயற்கை வள முகாமைத்துவம் என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டதும் ஏதோ பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். மண், தண்ணீர், காடு, மழை, காற்று, மிருகம், பூச்சி, மனிதர் போடுகிற குப்பை, இவற்றை எப்படிக் கெடாமல் பயன்படுத்துவது, கெட்டதை எப்படித் திருத்துவது என்று படிப்பதுதான் அது. விடிந்தால் பொழுது சாயும் வரை நாம் கண்ணால் பார்க்கிற காரியம்.

"மண்ணைப் படிக்கவா புள்ளைய வளத்தோம்?"

இதை நாங்கள் லயத்துக்கு லயம் போய்ச் சொன்னபோது ஒரு தாய் கேட்டார்: "ஏங்க ஐயா, மண்ணையும் மரத்தையும் படிக்கவா புள்ளைய பெத்து வளத்தோம்? அதத்தான் நாங்க நாள் பூரா பாக்குறோமே! எங்களோட போகட்டும், அதுகளாவது மண்ணு தொடாம இருக்கட்டும்னுதானே படிக்க வைக்கிறோம்?"

நியாயமான கேள்வி. அதைக் கேட்ட தாயின் மனசு எங்களுக்கு விளங்குகிறது. பரம்பரை பரம்பரையாக மலையிலே கூடை சுமந்தவர்களுக்குப் பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டு உத்தியோகம் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கத்தானே செய்யும்? அதனால்தான் டாக்டர், எஞ்சினியர், டீச்சர் என்ற மூன்றையும் விட்டால் வேறு படிப்பு நம் காதில் ஏறுவதில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்த மண்ணைப் பற்றி முடிவெடுக்கிறவர்கள் யார்? எந்த மலையில் வீடு கட்டலாம், எதில் கட்டக் கூடாது. எந்த மருந்தை அடிக்கலாம், எதை நிறுத்த வேண்டும். எந்த மரத்தை வெட்டலாம். எந்த ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்தப் படிப்பைப் படித்தவர்கள். அந்த முடிவு நம் தலையில்தான் விழுகிறது. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் லயத்தில் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம். மண் சுமக்க நாம், மண்ணைப் பற்றிப் பேச வேறு ஆட்கள் என்று இருக்கிற இந்த நிலைமை மாற வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

மீரியபெத்தை சொன்ன பாடம்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதியை மலையகத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் காலை நேரத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தான இடம், ஜனங்களை அங்கிருந்து எழுப்ப வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே சொல்லியிருந்தது. சொன்னது கடிதமாக இருந்தது, அறிக்கையாக இருந்தது. ஜனங்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலைநாடு முழுவதும் எத்தனை இடங்களில் மலை இறங்கியது என்பதை நீங்களே பார்த்தீர்கள். பாதை இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை.

மண்சரிவு திடீரென்று வருகிறது என்கிறோம். உண்மையில் அது முன்கூட்டியே சில அடையாளம் காட்டும். நிலத்தில் வெடிப்பு விழும். சுவரும் நிலமும் விரிசல் விடும். நேராக நின்ற மரமும் கம்பமும் சாயும். தண்ணீர் இல்லாத இடத்தில் புதிதாக ஊற்றுக் கிளம்பும். இருந்த ஊற்று கலங்கும் அல்லது நின்று போகும். இது வயசானவர்கள் பலருக்குத் தெரிந்த விஷயம்தான். ஏன் இப்படி நடக்கிறது என்பதைத்தான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, மண்துகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியை நிரப்புகிறது. நிரம்ப நிரம்ப மண்ணின் பாரம் கூடுகிறது, துகளுக்குத் துகள் இருக்கிற பிடி குறைகிறது. சரிவான இடத்தில் பிடி விட்டால் மலை இறங்கத்தானே வேண்டும்?

மழைக்கும் கணக்கு இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்து, மழை தொடர்ந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் எழும்புவதற்குத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால் அபாய இடத்தில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். தோட்டங்களில் மழைமானி வைத்து மழையை அளந்து புத்தகத்தில் எழுதுகிற வழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. அந்தப் புத்தகத்தை விளங்கிக் கொள்ளும் ஒரு பிள்ளை லயத்தில் இருந்தால், பொழுது விடிகிற வரைக்கும் யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

கைக்குத் தெரியும், காரணம் தெரியாது

நமக்குத் தெரியாத மண்ணா? கவ்வாத்து வெட்டினால் டொலமைட் போடுகிறோம். ஏன் போடுகிறோம்? தேயிலைக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். ஆனால் அளவுக்கு மிஞ்சிப் புளித்தாலும் ஆகாது. பி.எச். என்கிற அளவில் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் இருப்பது நல்லது. உரம் போடப் போட மண் இன்னும் புளித்துப் போகும். அதைச் சமப்படுத்தத்தான் டொலமைட். கான் வெட்டுகிறோம், கானில் சேர்ந்த மண்ணை அள்ளுகிறோம். ஏன்? ஓடுகிற தண்ணீரை மெல்ல நடக்க வைத்தால் அது மண்ணைத் தூக்கிக்கொண்டு போகாது. கவ்வாத்து வெட்டிய கொப்பையும் இலையையும் அடியிலேயே போட்டு வைத்தால் மழைத்துளி நேரே மண்ணில் விழாது, மண் கரையாது, ஈரமும் காயாது. டடாப் என்கிற முள்முருக்கை ஏன் நிழலுக்கு வைத்தார்கள்? அதன் வேர் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும், இலையும் உரமாகும்.

இதையெல்லாம் நம் கை செய்கிறது. காரணம் கங்காணியோடும் துரையோடும் ஆராய்ச்சி நிலையத்தோடும் நின்று விடுகிறது. தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925ஆம் ஆண்டு தொடங்கியது. நூறு வருடம் ஆகிவிட்டது. அதன் வாசலைத் தாண்டிக் கொழுந்துக்குப் போனவர்கள் எத்தனை ஆயிரம்! உள்ளே விஞ்ஞானியாகப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்?

தெரியாமல் இருப்பதால் வருகிற நட்டம் சின்னதல்ல. களைநாசினி கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள். மலையில் புல் ஏறியது. கையால் புல் வெட்டியது யார்? பிறகு 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டார்கள். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். அந்த வருடம் நவம்பரிலேயே தடையைத் தளர்த்தினார்கள். உரம் இல்லாத மலையில் கொழுந்து குறைந்தபோது நிறை குறைந்தது யாருக்கு? மருந்து உடம்புக்குக் கெடுதி என்பதும் உண்மை, புல்லை விட்டால் கொழுந்து குறையும் என்பதும் உண்மை. இரண்டையும் நிறுத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக எப்படி மாறுவது என்று சொல்லத்தான் படிப்பு வேண்டும். மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்த அப்பனுடைய பிள்ளை அந்தக் கணக்கைப் போட்டால், அப்பன் முதுகையும் சேர்த்துத்தானே போடும்?

குளவியை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறிக்கையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத டிவிசன் இருக்கிறதா? சிலர் உயிரையே விட்டிருக்கிறார்கள். கூட்டைத் தீ வைத்துக் கொளுத்துகிறோம், அது இன்னோர் இடத்தில் கட்டுகிறது. எந்தக் காலத்தில் எந்த மரத்தில் கட்டும், எதனால் கலையும், மலையில் ஆள் இறங்குமுன் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒழுங்காக ஆராய ஆள் வேண்டும். சிறுத்தைக் கதையும் அப்படித்தான். 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டிப் பிறகு செத்துப் போனது. பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை விழுகிறது. சிறுத்தைக்குப் பயந்து நாம் கொழுந்து மலைக்குப் போக மறுக்கிறோம். மிருகமும் வாழ வேண்டும், மனிதரும் வாழ வேண்டும். வழி கண்டுபிடிப்பது படித்தவர் வேலை. அந்த வழி நமக்கும் சரிவருமா என்று பார்ப்பது நம்மவர் வேலை.

நம் மலைத் தண்ணீர் எங்கே போகிறது?

மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. மவுசாக்கலையிலும் காசல்ரீயிலும் தேங்குகிற தண்ணீர் லக்ஷபான பக்கம் இறங்கிக் கரண்ட் கொடுக்கிறது. அதே களனித் தண்ணீரை அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கிறது. பொல்கொல்லையில் திருப்பிவிடுகிற தண்ணீர் வறண்ட பிரதேசத்து வயலுக்குப் பாய்கிறது.

நம் மலையில் மண் கரைந்தால் அது அங்கே போய்த்தான் படியும். பொல்கொல்லைத் தேக்கத்தில் மண் நிரம்பியது இந்த நாடு அறிந்த விஷயம். நம் லயத்துக் கானில் போடுகிற ஷொப்பிங் பையும் சோப்புத் தண்ணீரும் அதே வழியில்தான் போகிறது. ஆக மலையகத்துத் தண்ணீரையும் மண்ணையும் காப்பது இந்த முழு நாட்டுக்கும் தேவையான காரியம். அந்தக் காரியத்துக்குப் படித்த ஆள் தேவைப்படும்போது, ஊற்று எங்கே பிறக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுகிற குடும்பத்துப் பிள்ளை ஏன் போகக் கூடாது?

எங்கே படிக்கலாம்?

இப்போது பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

பெலிஹுல்ஓயாவில் இருக்கிற சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் சுற்றாடல், இயற்கை வளம் சம்பந்தமான பட்டம் இருக்கிறது. பலாங்கொடைக்கும் அப்புத்தளைக்கும் நடுவே, நம் மலையடிவாரத்திலேயே இருக்கிற பல்கலைக்கழகம். களனியில் சுற்றாடல் பாதுகாப்பும் முகாமைத்துவமும் என்ற பட்டம் இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரவில் வனவியலுக்கும் சுற்றாடலுக்கும் தனித் துறை இருக்கிறது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானம் இருக்கிறது. பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, ருகுணு, ரஜரட்ட முதலிய இடங்களில் விவசாய பீடம் இருக்கிறது. அங்கே மண், நீர், பயிர் எல்லாம் வருகிறது. பதுளையில் இருக்கிற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே ஒரு பட்டம் இருக்கிறது. தேயிலையைப் பறித்தவர் பிள்ளை தேயிலையிலே பட்டம் எடுக்கலாம்!

இவற்றுக்குப் பெரும்பாலும் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு வேண்டும். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். பௌதிகவியலுக்குப் பதில் விவசாய விஞ்ஞானம் எடுத்தவர்களுக்கும் சில கற்கைநெறிகள் உண்டு. 2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கும் வழி இருக்கிறது. கலைப் பிரிவுப் பிள்ளைகள் மனம் தளர வேண்டாம். புவியியல் எடுத்துப் படித்தால் மண், மழை, வரைபடம் என்று இதே பாதைக்கு வரலாம். எந்தப் பாடம் எடுத்தால் எங்கே போகலாம் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் தமிழிலேயே இருக்கிறது. பாடம் தெரிவு செய்யும் முன்னமே அதை ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். பெறுபேறு வந்த பிறகு புரட்டினால் காலம் கடந்துவிடும்.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் கதவு அடைபடவில்லை. திறந்த பல்கலைக்கழகத்தில் உயர்தரம் சரிவராதவர்களும் அடித்தளப் படிப்பில் ஏறி மேலே வரலாம். வேலை செய்துகொண்டே படிக்கலாம். விவசாயப் பாடசாலைகளில் டிப்ளோமா இருக்கிறது.

விண்ணப்பத்தில் இழக்கிற வாய்ப்பு

இந்த இடம்தான் முக்கியம். எங்களுக்குத் தெரிந்த ஒரு டிவிசனில் ஒரு பெண்பிள்ளை. தாய் கொழுந்து, தகப்பன் ஸ்டோர் வேலை. உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. லயமே சந்தோஷப்பட்டது. ஆனால் மருத்துவத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. விண்ணப்பத்தில் அந்தப் பிள்ளை மருத்துவத்தையும் பல் வைத்தியத்தையும் மட்டும்தான் போட்டிருந்தது. "வேற என்னத்த போடுறதுன்னு தெரியல, கேக்கவும் ஆள் இல்ல" என்று பிறகு சொன்னது. அதே புள்ளிக்கு வேறு பட்டம் கிடைத்திருக்கும். அந்தப் பிள்ளை இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறது. மாதாமாதம் வீட்டுக்குக் காசு அனுப்புகிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று பாடம் சித்தியடைந்த படிப்பு அங்கே துணி மடிக்கிறது.

ஆகவே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை விருப்ப வரிசைப்படி நிறையப் போடலாம். கீழே பத்துப் போட்டதால் மேலே போட்டதன் வாய்ப்புக் குறையாது. மேலே இருப்பது புள்ளிக்குக் கிடைக்காவிட்டால்தான் அடுத்ததைப் பார்ப்பார்கள். ஆகவே மருத்துவம் முதலில் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? அதற்குக் கீழே விவசாயம், சுற்றாடல், பிரயோக விஞ்ஞானம், தேயிலைத் தொழில்நுட்பம் என்று போடுங்கள். இடத்தை வெறுமையாக விடாதீர்கள்.

நம் மாவட்டங்களுக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. விஞ்ஞானப் பிரிவு அனுமதியில் நூற்றுக்கு 40 பேரை முழு நாட்டுக்கும் பொதுவான தகுதியில் எடுக்கிறார்கள். 55 பேரை மாவட்டச் சனத்தொகைப்படி எடுக்கிறார்கள். மிச்சம் 5 பேரைக் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அந்தப் பதினாறில் நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, மொனராகலை நான்கும் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்காத இடம் அதே புள்ளிக்கு நம் பிள்ளைக்குக் கிடைக்கலாம். விண்ணப்பிக்காதவருக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்று, பெயர் விஷயம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. கடைசி நேரத்தில் இதைத் திருத்த ஓடினால் திகதி போய்விடும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் எங்கள் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். பிரதேச செயலகத்தில் எந்தப் படிவம், எந்த மேசை என்று நாங்கள் சொல்லித் தருகிறோம்.

காசும் ஆங்கிலமும்

"படிக்க வைக்க எங்கேங்க காசு?" என்று கேட்பது காதில் விழுகிறது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. சாப்பாடு, பஸ், புத்தகம், தங்குமிடம், இதற்குத்தான் செலவு. 1981இல் தொடங்கிய மஹாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. அது கிடைக்காதவர்களுக்கு வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கிற நிதியுதவி இருக்கிறது. தோட்டப் பிள்ளைகளுக்கென்றே இந்தியத் தூதரகத்தின் ஊடாக இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் புலமைப்பரிசில் கொடுக்கிறது. இதெல்லாம் தானாக வீடு தேடி வராது. சம்பள விபரமும் கிராம உத்தியோகத்தர் கடிதமும் சேர்த்துத் திகதிக்குள் போட வேண்டும். முதல் மூன்று நாலு மாதம் கைக்காசில்தான் போகும்; காரணம் உதவிப் பணம் வரப் பிந்தும். அதற்காகக் கொஞ்சம் சீட்டுக் கட்டி வையுங்கள். திருவிழாவுக்கும் சடங்குக்கும் சீட்டுப் பிடிக்கிற நமக்கு இது முடியாத காரியமா?

ஆங்கிலம் பெரிய தடைதான். இந்தப் படிப்புகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. தமிழில் உயர்தரம் படித்த பிள்ளைக்கு முதல் வருடம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். பயந்து திரும்பி வந்த பிள்ளைகளும் உண்டு. பல்கலைக்கழகத்தில் தொடக்கத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனாலும் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிற அந்த மாதங்களை வீணாக்காமல் ஆங்கிலத்துக்கு ஒதுக்குங்கள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். அந்த மாதங்களில்தான் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்புகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. போன பிள்ளை கையில் காசு பார்த்த பிறகு புத்தகம் தூக்குவது கஷ்டம். கொஞ்சம் பொறுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. "காடு மலைன்னு சுத்துற படிப்பு பொம்பளப் புள்ளைக்கு ஆகுமா?" என்கிறீர்கள். இந்தத் தோட்டத்தில் காடு மலை சுற்றுவது யார்? விடியக்காலை பனியில், அட்டைக் கடியில் மலை ஏறுவது பெண்கள்தானே? கூடையோடு போனால் சரி, புத்தகத்தோடும் வரைபடத்தோடும் போனால் சரியில்லையா?

படித்த பிறகு?

பட்டம் வாங்கிய அடுத்த நாளே உத்தியோகம் கிடைக்கும் என்று நாங்கள் ஆசை காட்ட மாட்டோம். பட்டதாரிகள் வேலைக்குக் காத்திருக்கிற நாடு இது. ஆனால் போகக்கூடிய இடங்கள் பல உண்டு. 1981இல் தொடங்கிய மத்திய சுற்றாடல் அதிகார சபை, வனத் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், மகாவலி அதிகார சபை, தேயிலை ஆராய்ச்சி நிலையம் என்று அரசாங்கப் பக்கம். தேயிலையை வெளிநாட்டில் விற்க ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ் போன்ற சான்றிதழ்களைக் கேட்கிறார்கள்; அதற்காகத் தோட்டக் கம்பனிகளுக்கும் மண், நீர், கழிவு தெரிந்த ஆட்கள் வேண்டும். தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் தட்டுப்பாடு இருப்பதும் உங்களுக்குத் தெரியும். விஞ்ஞானப் பட்டதாரி ஒருவர் திரும்பி வந்து பத்து வருடம் படிப்பித்தால் பிறகு வருகிற பிள்ளைகள் இந்த அளவுக்குக் கஷ்டப்பட மாட்டார்கள்.

உத்தியோகத்துக்கு மேலே இன்னொன்றும் இருக்கிறது. நாளைக்கு இந்த மலையைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெடிப்பை அளக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், நமக்குத் தெரியாத பாஷையில் எழுதுகிறார்கள், போகிறார்கள். நாம் வாசலில் நின்று பார்க்கிறோம். என்ன எழுதினார்கள்? எழும்பச் சொன்னார்களா, இருக்கச் சொன்னார்களா? எழும்பினால் காணி எங்கே? கேட்க வாய் வருவதில்லை. அந்தக் கூட்டத்தில் நம் லயத்துப் பிள்ளை ஒன்று இருந்தால், "அம்மா, இந்த இடம் நல்லதில்ல, இந்தக் கடுதாசிய வச்சிக்கிட்டு இன்ன ஆபீஸுக்குப் போங்க, மாற்றுக் காணி கேளுங்க" என்று நம் பாஷையில் சொல்லும். அறிக்கை அலுமாரியில் தூங்கினால் தட்டிக் கேட்கும். மீரியபெத்தையில் இல்லாமல் போனது அதுதான்.

நாங்கள் செய்வது, நீங்கள் செய்வது

நலன்புரிப் பகுதியில் நாங்கள் மூன்று காரியம் செய்யத் தீர்மானித்திருக்கிறோம். கைநூல் ஒன்றை வாங்கிப் பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்து வாசிகசாலையில் வைப்போம். விண்ணப்பம் கேட்கும் காலத்தில் இணையத்தில் நிரப்ப உதவுவோம். எந்த வரிசையில் போடுவது என்று பிள்ளையோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசுவோம். சாதாரண தரம் எழுதிய பிள்ளைகளைச் சேர்த்து மழைமானி பார்க்கவும், லயத்தைச் சுற்றி வெடிப்பு, ஊற்று, கான் அடைப்பு இவற்றைக் குறிக்கவும் பழக்குவோம். படிப்பு அங்கேயே ஆரம்பமாகட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. பிள்ளைக்கு இரவில் படிக்க ஒரு மூலையும் வெளிச்சமும் கொடுங்கள். அந்த நேரத்துக்கு டீவியை நிறுத்துங்கள். மற்றது, உங்களுக்குத் தெரிந்ததைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். எந்த ஊற்று கோடையிலும் வற்றாது, எந்தப் பக்கம் முன்னே மண் இறங்கியது, எந்த மரம் எந்த மாதத்தில் பூக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பல்கலைக்கழகத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு இல்லாத சொத்து அது.

இந்த வருடம் நம் டிவிசன்களில் உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்திருக்கிற பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் முன்னால் வந்து பெயரைக் கொடுங்கள். தாய் தகப்பனும் கூட வாருங்கள்.